அழுங்குக்குக் கண் வைத்தது

ஆனி 5, வியாழன்

காற்று மட்டும். சாரல் இன்னும் இறங்கவில்லை. எழுத்து கோட்டை விட்டு ஏறி இறங்குகிறது. பொறுத்துக்கொள், நோட்டே. கொத்துக்கரண்டி பிடித்த கை. போன மாதம்தான் முதியோர் வகுப்பில் 'ழு' வந்தது. அழுங்கு. நன்றாக வந்திருக்கிறது. இன்னொரு தடவை. அழுங்கு.

குத்துக்கல்வலசைப் பூங்கா வாசலுக்கு நான் செய்கிற சிமெண்டுச் சிலை அது. எறும்பு தின்கிற பிராணி, உடம்பெல்லாம் செதில். பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். சின்ன வயதில் பழைய அருவிக்கு மேலே பார்த்தேன். நாய் குரைத்து ஓய்ந்து போனது, அது அசையவில்லை. கோபுரத்துக்கு எத்தனையோ சாமி செய்தாச்சு. இது என் ஆசைக்கு.

இன்று வாலை முகத்துக்கு மேல் மூடினேன். நல்ல பிடிப்பு.

வாங்க: கோழிவலை, சிமெண்டு, வெற்றிலை.

ஆனி 7, சனி

தப்பு. கோபுர வேலையில் கண் கடைசியில்தான் திறப்போம். அந்தப் பழக்கத்தில் கண் வைக்காமலே வாலை மூடிவிட்டேன். முகம் உள்ளே, நான் வெளியே.

வீட்டுக்காரி பேச்சி: "அதக் குருடாக்கிப் போட்டுட்டு ஒமக்கு எழுத்து வேற கேக்குதோ."

பூங்கா கமிட்டித் தலைவர் வந்தார். "அண்ணாச்சி, கண்ணில்லாத சிலை வாசலுக்கு ஆகாதுன்னு சொல்லுதாங்க. முதுகுல ரெண்டு கண்ணு வரைஞ்சிருங்க. இல்லன்னா திங்கக்கெழம எடுத்துருவோம்."

முதுகிலா. மாட்டேன் என்றேன்.

வாலை உடைத்து ஒட்டினால் மழைக்கு விரியும். வாலுக்கும் வயிற்றுக்கும் நடுவில் சந்து உண்டு. கை போகுமா.

ஆனி 8, ஞாயிறு

போனது. தேங்காயெண்ணெய் தடவி, முழங்கை வரை. சிமெண்டுப் பால் பூசி, உருண்டை வைத்து, ஆணியால் இமை கீறி. பார்க்காமல், எல்லாம் தடவித் தடவி. இடது கண் சுலபம். வலது கண் முடிந்ததும் கை மாட்டிக்கொண்டது. பேச்சி தோளைப் பிடித்து இழுத்தாள். "எழுதுத கைய அதுக்குக் குடுத்துட்டு வந்துராதீரும்." சிரித்தேன், கை தளர்ந்து வந்துவிட்டது. தோல் போச்சு.

ஆனி 9, திங்கள்

கண் இறுகிவிட்டது. தலைவர் குனிந்து பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே."

"கைய விட்டுப் பாருங்க."

வாட்சைக் கழற்றினார். தடவினார். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி, முழிச்சிக்கிட்டுல்லா கெடக்கு."

முதுகுக் கண் வேண்டாம், வாசலிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கை எரிகிறது. மிச்சத்தை அடுத்த வாரம் எழுதுகிறேன், தோல் ஆறின கையால்.