அம்மாவின் சர்க்கரைக்குக் கைதட்டியவர்கள்

செம்பவாங், சிங்கப்பூர்,
ஞாயிறு

அன்பு மகள் ரக்ஷனாவுக்கு அப்பா எழுதுவது. நான் நலம். பிரிஸ்பேனில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க மாரியம்மன் துணை நிற்கட்டும். அம்மாவும் நலம் என்று எழுத மட்டும் கை வரவில்லை. இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அதற்கும் நாலு பேர் கட்டைவிரல் காட்டுவார்கள், அதனால்தான் தாளில் எழுதிப் படம் எடுத்து உனக்கு மட்டும் அனுப்புகிறேன்.

உன் ரஞ்சன் மாமா சமூக மன்றத்தில் ஒரு நீரிழிவுப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து பாதி டாக்டர் ஆகிவிட்டார். அக்காவுக்குப் புற்றுநோய், கீமோ நடக்கிறது, வாயெல்லாம் புண், அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. சோற்றை நிறுத்து, பழத்தை நிறுத்து என்று அவளிடம் சட்டம் பேசி, பாகற்காய்ச் சாற்றை மேசையில் வைத்துவிட்டு, நேரே கீழே காப்பிக் கடைக்குப் போய் மீ கோரெங் நூடுல்ஸும் இனிப்பான தே தாரிக் டீயும் அடிக்கிறார், வெட்கம் கெட்ட மனிதர். அவர் சொல்லித்தான் அம்மா தினமும் காலையில் விரலைக் குத்திச் சர்க்கரை மீட்டரைப் படம் எடுத்துக் குழுவில் போட ஆரம்பித்தாள். எண் குறையக் குறைய உங்கள் கூட்டத்துக்கு ஒரே கொண்டாட்டம். பூங்கொத்து என்ன, கைதட்டல் என்ன, 'அண்ணி கலக்குறீங்க' என்ன! அந்தக் கைதட்டலுக்காக அவள் ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுவிட்டாள், என்னிடம் பசியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை மருத்துவமனையில் எடை பார்த்துவிட்டுக் கீமோவைத் தள்ளி வைத்துவிட்டார்கள், உடம்பு தாங்காதாம். அங்கே உணவு ஆலோசகர் நஃபீசா அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, "இது கன்ட்ரோல் இல்ல ஆன்ட்டி, நீங்க பட்டினி கிடக்குறீங்க. இப்ப எடைதான் முக்கியம்லா. முட்டை, மீன், குழைஞ்ச சோறு, எது இறங்குதோ கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க. சர்க்கரை மருந்தை டாக்டர் அதுக்கு ஏத்த மாதிரி மாத்துவார்" என்றார். அதற்கு அம்மா என்ன கேட்டாள் தெரியுமா? சர்க்கரை ஏறினால் ரக்ஷனா வருத்தப்படுவாளே என்றாள்.

ஆகவே மாமாவைத் திட்டியது போதும். 'ப்ரவுட் ஆஃப் யூ அம்மா' என்று நீ அனுப்பியதை அவள் என்னிடம் எத்தனை தடவை படித்துக் காட்டினாள்! படித்தவள் நீ, வீடியோ காலில் அவள் கழுத்தெலும்பு உன் கண்ணில் படவே இல்லையா? இன்று முட்டை அடித்து ஊற்றிக் கஞ்சி வைத்தேன், தொடவில்லை. நான் சொல்லி அவள் கேட்டதே கிடையாது, நீ சொன்னால் சாப்பிடுவாள். எனக்குப் பயமாக இருக்கிறது மகளே.

மாப்பிள்ளைக்கு என் ஆசி. இருவரும் நீண்ட நாள் சேர்ந்து நன்றாக இருங்கள். இதைப் படித்ததும் அவளைக் கூப்பிடு. சர்க்கரை எவ்வளவு என்று கேட்காதே, என்ன சாப்பிட்டாய் என்று கேள். பொய் சொல்வாள், தட்டைக் காட்டச் சொல்.

கோபத்தோடும் ஆசியோடும்,
அப்பா அமிர்தலிங்கம்