நீ பாதியில் விட்டுப் போன கதை

சின்னவனே,

நீ எழுந்திருக்கும்போது நான் சுகாதார நிலையத்தில் இருப்பேன். இன்றைக்குக் கொசுக் காய்ச்சலைப் பற்றிக் கதை சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். சாப்பாடு அடுப்படியில் மூடியிருக்கிறது. கோபத்தை என்மேல் காட்டு ராசா, வயிற்றின்மேல் காட்டாதே.

நேற்றுக் குடியைப் பற்றிக் கதை கேட்டார்கள். பாட்டிலை வாஷிங் மெஷினுக்குள் ஒளித்துவைத்து, மறந்துபோய்ச் சட்டையோடு சேர்த்துத் துவைத்த பிள்ளையின் கதையைச் சொன்னேன். பேர் சொல்லவில்லைதான். நம் தெருவுக்குப் பேர் வேறு வேண்டுமா? கூட்டம் சிரித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கதவோரம் நீ நின்றதைப் பார்த்தேன். அம்மாவைக் கூட்டிப்போக வந்திருக்கிறான் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் மசாலா சேர்த்தேன்.

நீ போன பிறகு நர்ஸம்மா வந்து கேட்டாள்: "உங்க பையன் எங்கம்மா? ஆலோசகர் கூப்பிடுறாங்க. குடியை விடணும்னு அவராவே வந்தாரு."

சிரித்த வாய் அப்படியே நின்றுவிட்டது எனக்கு.

இன்றைக்கு மத்தியானம் வீட்டுக்கே வருகிறேன் என்று ஆலோசகர் சொன்னார். கதவைத் திறப்பது உன் இஷ்டம். சாயங்காலம் வரை நான் வரமாட்டேன். ஒட்டுக்கேட்க ஆளும் வைக்கவில்லை.

அம்மா

சொல்ல மறந்தேன். கொல்லையில் நம் வாளித் தண்ணீரில் கொசுப்புழு நெளிந்தது. கவிழ்த்துவிட்டேன். இன்றைக்கு அதைத்தான் சொல்லப்போகிறேன், பேரோடு, என் பேரோடு. என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.