விருந்தாளி மெத்தைகள்

அக்டோபர் 3

விருந்தினர் அறையில் ஏறுசுவர் எழுந்துவிட்டது. பிளைவுட் பலகைகள், மேலே போகப்போக நம் பக்கமாகச் சாய்கின்றன. கைகால் வைத்து ஏறும் பிடிகள், மூடிப்போன சுவரேற்றப் பயிற்சிக்கூடத்திலிருந்து அள்ளி வந்தவை. அங்கே வேலை போனதிலிருந்து லெபனானின் வடக்கே இந்தத் திரிப்போலி வீட்டில் சும்மா கிடக்கிறேன். டிசம்பரில் பெய்ரூட்டில் புதுக் கூடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். ஏறிக் காட்ட வேண்டும். அதுவும் போனால்? யோசிக்கவே பயமாக இருக்கிறது.

கீழே வெறும் டைல்ஸ். விழுவதற்கு ஃபோம் வேண்டும். விலை கேட்டேன். கேட்டதோடு சரி.

அக்டோபர் 5

அலமாரியில் விருந்தாளிகளுக்கான மெத்தைகள் கூரை வரை அடுக்கியிருக்கின்றன. ஆட்டுரோமம் அடைத்தவை, கனமானவை.

"அது விருந்தாளிங்களுக்குடி" என்றாள் அம்மா.

"எந்த விருந்தாளிம்மா? அப்பா போனப்புறம் யாரு வந்தா?"

சொல்லியிருக்கக் கூடாது. அம்மா ஒரு நுனியைப் பிடித்து இழுக்க உதவினாள்.

அக்டோபர் 6

முதல் விழுகையிலேயே இரண்டு மெத்தைக்கு நடுவில் கால் போய்ச் சுளுக்கிக்கொண்டது. பக்கத்துவீட்டு ரூலா பார்த்துவிட்டுச் சிரித்தாள். "காலை ஒடிச்சுக்கறதுக்குன்னே விரிச்சிருக்க போல, தீமா!"

இரண்டாவது அடுக்கைக் குறுக்காகப் போட்டோம். மேலே பெரிய கம்பளத்தை இழுத்து விரித்து ஓரங்களை அடியில் செருகினோம். இப்போது இடுக்கே இல்லை.

அக்டோபர் 14

நாள் முழுக்க விழுந்தேன். வலிக்கவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்தது.

நவம்பர் 2

தெற்கே குண்டு விழுகிறது. விதாத் அத்தை, அப்பாவின் தங்கை, மகள்களோடும் பேரப்பிள்ளைகளோடும் வாசலில் வந்து நின்றாள். அம்மா அவர்களை உட்கார வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நானே கம்பளத்தை உருவினேன்.

ரோமம் அமுங்கிக் கட்டியாகிக் கிடந்தது. அத்தை உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அண்ணி, இதுமேல ஒட்டகத்தைக் கட்டியிருந்தீங்களா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

சமையலறையில் சிரிக்கவில்லை. "வராதவங்க வந்திருக்காங்க. கல்லுமேல படுக்க வெச்சுட்டியேடி."

நவம்பர் 4

பிடியில் தொங்குகிறேன், இறங்குகிறேன். அவ்வளவுதான். விழாமல் எப்படிப் பழகுவது?

வீடு இழந்து வந்தவர்கள்மேல் எரிச்சல் வருகிறது. சீ, என்ன பெண் நான். ஆனாலும் வருகிறது.

அம்மாவிடம் கேட்டேன், ஒரு மெத்தையாவது. "விருந்தாளிகிட்ட குடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா? உங்கப்பா வீட்டுலயா?"

நவம்பர் 9

அவர்கள் கடைத்தெருவுக்குப் போன நேரம். வெறும் கம்பளத்தை நாலாய் மடித்துப் போட்டு ஏறினேன். உச்சிப் பிடி விரலில் பட்டது. பட்டது, நிற்கவில்லை.

குதிகால்.

நவம்பர் 12

மாவுக்கட்டு. மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாதாம். டிசம்பர் போயிற்று. எல்லாம் போயிற்று. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன். இந்த வீட்டில் எந்தச் சுவரைப் பார்ப்பது?

நவம்பர் 15

மொட்டைமாடியில் அத்தை மெத்தைகளைப் பிரித்து, கட்டி விழுந்த ரோமத்தை விரலால் பிய்த்து, குச்சியால் அடித்துக்கொண்டிருந்தாள். அம்மா எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை. என்னையும் நாற்காலியோடு மேலே தூக்கி வந்து வெயிலில் உட்கார வைத்தார்கள்.

"எதுக்குடி வெறுந்தரையில ஏறின?"

"மெத்தை நீங்க படுக்கறதுக்கு வேணுமே அத்தை."

அத்தையின் குச்சி நின்றது. "காலையில எழுந்ததும் சுருட்டி மூலையில வெச்சுடறோமே. பகல்ல அதுல யாருடி படுக்கறா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே விரிச்சுப் போட்டிருப்பேனே."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கையிலிருந்த ரோமத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். பிய்க்க அதில் ஒன்றும் மிச்சமில்லை.

நவம்பர் 23

எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 6

இன்றைக்குத்தான் பெய்ரூட்டில் அந்தத் தேர்வு. காலையில் அத்தை வீட்டார் எழுந்ததும், அம்மா யாரிடமும் சொல்லாமல் மெத்தைகளைச் சுவருக்கடியில் இழுத்துப் போட்டாள். மேல் அடுக்கு குறுக்காக. கம்பளத்தை இழுத்து ஓரங்களை அடியில் செருகினாள், இடுக்கு இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். ரோமம் புதுசுபோல உப்பியிருந்தது.

நான் திறந்த கதவு வழியே என் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

பகல் முழுக்க அது அங்கேயே விரிந்து கிடந்தது. யாரும் விழவில்லை. பொழுது சாய்ந்ததும் அத்தை வந்து, கம்பளத்தை உருவி, பிள்ளைகளுக்குப் படுக்கை போட்டாள்.