பொது அதிகாரம்

ஐப்பசி 14, வியாழன்.

காலையில் எங்கள் வயலை இரண்டு பேர் சங்கிலி போட்டு அளந்துகொண்டிருந்தார்கள். கூட நின்ற மூத்தார், "சும்மாதாம்மா" என்றார். சும்மா அளக்க யார் சங்கிலி தூக்கிக்கொண்டு வருவார்கள்?

பயம் தாங்காமல் நீடாமங்கலம் வக்கீலிடம் அதிகாரப் பத்திர நகலைக் காட்டினேன். "சிறப்பு அதிகாரம்னா எழுதின அந்த ஒரு வேலைக்குத்தான். இது பொது அதிகாரம். உங்க மூத்தார் நிலத்தை விக்கவே செய்யலாம். உங்க வீட்டுக்காரர் உடனே ரத்து பண்ணினாத்தான் உண்டு" என்றார்.

குத்தகைக்கு விடத்தானே, சிங்கப்பூர் கிளம்பும்போது அண்ணனுக்கு எழுதிக் கொடுத்தார்?

கடிதம் போய்ச் சேர நாளாகும். ஞாயிற்றுக்கிழமை அவரே போன் பண்ணுவார், அப்போது சொல்லிவிடலாம். ஆனால் போன் இருப்பது மூத்தார் வீட்டுக் கூடத்தில். நான் பேசி முடிக்கும்வரை அவர் பக்கத்து நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை.