இறக்கி வைத்த படம்

ஃப்ரீமான்ட்

அன்புள்ள கயல் கண்ணுக்கு,

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்பதுதான் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவுக்குப் போனதிலிருந்து ஒரு ஞாயிறுகூட நீ பேசாமல் இருந்ததில்லை. எடுக்காத போனை மறுபடி அடிக்க மனமில்லாமல் எழுதுகிறேன்.

அந்த ஊர்க் கூடத்தில் பூர்வகுடிப் பெரியவர்களை ஊரோடு சேர்ந்து நீ வரைவதை அப்பா ஒவ்வொரு வாரமும் வீடியோவில் பார்த்தவர். உன் பொண்ணு என் மூக்கைப் பெரிசாக்கிட்டா, நீ என்ன அப்பன் என்று அவர்களில் ஒரு அம்மாள் கேட்டதை ஆபீஸில்கூடச் சொல்லிச் சிரித்தவர். அந்த அம்மாள் இறந்துவிட்டார் என்று நீ சொன்ன அன்று அப்பா சாப்பாட்டிலிருந்து எழுந்து போய்விட்டார். மறுநாளே, நீ போனில் அனுப்பியிருந்த அந்த அம்மாளின் ஓவியத்தை அச்செடுத்துச் சட்டம் போட்டு, தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, பொட்டு வைத்து, சந்தன மாலை போட்டு, பெயரும் எழுதிக் குடும்ப குரூப்பில் அனுப்பினார். இறந்தவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை அவருக்குத் தெரியாது. உன் மாளவிகா அத்தை அதைப் பெருமையாக ஊரே பார்க்கிற மாதிரி இணையத்தில் போட்டுவிட்டாள். தங்கள் வழக்கப்படி துக்கம் முடியும்வரை இறந்தவர் பெயரைச் சொல்லாமல், முகத்தைக் காட்டாமல், உன் ஓவியத்தையே துணியால் மூடி வைத்திருந்த குடும்பத்தின் கண்ணில் அது பட்டிருக்கிறது. இனி கூடத்துக்கு வராதே என்று உன்னிடம் சொல்லிவிட்டார்கள் என்றால் அதில் நான் என்ன குறை சொல்ல.

மாளவிகா அழித்துவிட்டாள். அப்பாவும் இறக்கிவிட்டார். கும்புடத்தானே வெச்சேன் மரகதம் என்கிறார். தூக்கிப் போடவும் முடியவில்லை, பரணில் போடவும் மனசு வரவில்லை. புது வேட்டியில் சுற்றி என் புடவைகளுக்கு நடுவே வைத்திருக்கிறார்.

கண்ணு, இது எங்கள் வழக்கம் என்று அவர்களுக்கு விளக்கப் போகாதே. நானும் முதலில் ஒரு பக்கம் அப்படித்தான் எழுதினேன், கிழித்துவிட்டேன். இழவு வீட்டில் உட்கார்ந்து நம் நியாயத்தைக் கேட்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து. என் அப்பா செய்தது தப்பு என்று சொல், அதோடு நிறுத்து. மீதிப் பேரை வரைய விடுவீர்களா என்று கேட்காதே. கூப்பிட்டால் போ. கூப்பிடாவிட்டால், வரைந்தது எதையும் கையோடு கொண்டு வராதே, அந்த முகங்கள் அவர்களுடையவை.

துக்கம் முடிந்த பிறகு, அவர்கள் சரி என்றால் படத்தைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாமா என்று உன்னைக் கேட்கச் சொல்லி எழுதச் சொன்னார் அப்பா. எழுதிவிட்டேன். நீ கேட்க வேண்டாம்.

எங்கள் ஆசி என்றும் உன்னோடு இருக்கும். தலைக்கு எண்ணெய் வை. அப்பாவிடம் பேசு, திட்டுவதற்காகவாவது பேசு. அந்த ஆணியை அவர் இன்னும் பிடுங்கவில்லை.

உன் அம்மா,
மரகதம்