முனியனின் இடது கைச் சாட்டை

என் அருமை மச்சானே, என் தீராத வயிற்றெரிச்சலே,

நீ கண்ணை மூடி ஒரு மாதம் ஆகிறது. திருநின்றவூரில் எல்லோரும் உன்னைப் புகழ்ந்து முடித்துவிட்டார்கள், நான் மட்டும்தான் பாக்கி. நம் பத்திரிகையிலேயே எழுதச் சொன்னார் ஆசிரியர். நாலு பேர் முன்னால் ஒப்புக்கொண்டால் எனக்கும் கொஞ்சம் ஆறும். உன்மேல் எனக்குப் பொறாமை, மச்சான். உன் தங்கை கனகத்தைக் கட்டிய நாளிலிருந்து பொறாமை.

பதினெட்டு வருஷம் வாராவாரம் வண்டிக்கார முனியன் படக்கதை போட்டாய். நானும் அதே பத்திரிகையில் படம் போடுகிறவன்தான், சித்திரப் பள்ளியில் படித்துத் தேறியவன். நான் போட்ட மாட்டுக்கு விலா எலும்பை எண்ணலாம். நீ நாலே கோடு இழுப்பாய். அந்த மாடு பூந்தமல்லி ரோட்டில் நடுவழியில் நின்றுகொண்டு முனியனைப் பார்த்து 'போடா' என்று சொல்லும். எப்படி ஐயா அது?

ஆவடிக்கு மிலிட்டரி லாரிகள் வந்த புதிதில், முனியன் லாரிக்கு வழிவிடாத கதை போட்டாயே. ஐந்து கட்டத்திலும் அதே வண்டி, அதே லாரி. முனியனின் முண்டாசு மட்டும் கட்டத்துக்குக் கட்டம் கொஞ்சம் கீழே இறங்கும். 'சோம்பேறித்தனம்' என்றேன் நான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். ரயிலில் ஒரு பெட்டியே அதைப் பார்த்துச் சிரித்தது.

ரயில் போகட்டும். என் வீட்டில்? கனகம் உன் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பாள். அவள் சிரித்து முடிப்பதற்குள் அடுப்பில் குழம்பு பொங்கி வழிந்துவிடும். அப்புறம் என் படத்தைப் பார்த்து, "நல்லா கீது" என்பாள். அவ்வளவுதான்.

நீ போன பிறகு அவள் சிரிக்கவே இல்லை. முனியனைத் தொடர்ந்து போடும்படி ஆசிரியர் என்னைக் கேட்டபோது உடனே சரி என்றேன். உனக்காக இல்லை. அவளை என் கையால் சிரிக்கவைக்க வேண்டும், அந்த ஆசைதான்.

நம் பத்திரிகைக்கு அச்சுக் கல்லின்மேலேயே வரைய வேண்டும், இடவலம் மாற்றி வரைந்தால்தான் தாளில் சரியாக விழும். இத்தனை வருஷம் தவறாமல் செய்தவன், உன் முனியனைத் தொட்டதும் பதறி மறந்துவிட்டேன். அச்சாகி வந்ததில் முனியன் இடது கையில் சாட்டை பிடித்திருந்தான். "முனியனுக்கு சோத்துக் கை இன்னா ஆச்சு?" என்று அம்பத்தூரிலிருந்து ஒருவர் கார்டே போட்டுவிட்டார்.

இதழை ஒளித்துவைத்தேன், கனகம் கண்டுபிடித்துவிட்டாள். பார்த்தாள். சிரித்தாள் மச்சான், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"எங்க அண்ணனும் மொத வாரம் இதே மாதிரிதான் போட்டுச்சு. ரெண்டு நாளு சோறு துன்னாம குந்திகினு இருந்துச்சு. உனக்குச் சொல்லலியா?"

நீ சொல்லவில்லையே! நீயும் இடவலம் மறந்து பதறியவன்தான் என்று தெரிந்திருந்தால், இத்தனை வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் காப்பியாவது நிம்மதியாகக் குடித்திருப்பேனே. ஏன் சொல்லவில்லை? நான் கேட்கிற மாதிரியா இருந்தேன்?

முதல் முறையாக என் படத்தைப் பார்த்துச் சிரித்தாள். ஆனால் நினைத்தது உன்னை. செத்தும் விடமாட்டேன் என்கிறாய்.

முனியனை நிறுத்தமாட்டேன், இது சத்தியம். என்றாவது ஒரு வாரம் கனகம் அவனைப் பார்த்து, உன் ஞாபகமே வராமல் சிரிப்பாள். அன்றைக்கு நான் ஜெயித்துவிடுவேன். அன்றைக்கு உன்னை நினைத்து அழப்போவது நான் ஒருத்தன்தான்.

இப்படிக்கு,
உன் தங்கை புருஷன், உன் பொறாமைக்கார மாப்பிள்ளை