ஊற வைக்காத மஞ்சள் போல்ட்

என் ஆசைத் தம்பி குமரேசா,

நீ போய் ஒன்றரை மாதம் ஆகிறது. வருகிறவர்கள் எல்லாம் உன்னைப் பெரிய பக்தன் என்று சொல்லி அழுகிறார்கள். எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. இரும்பு அடிக்கிற மற்றவர்களும் படிக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

ஒரகடம் கம்பெனிகளில் கழித்துப் போட்ட போல்ட்டை மூட்டையாக வாங்கி, என் வீட்டுப் பின்பக்கம் உலை போட்டு உளி அடித்தாய். தலையில் 10.9 என்று பொறித்திருந்தால் உறுதியான இரும்பு. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் விரிசல் விடும், எண்ணெயில்தான் தோய்க்கணும். எட்டாவதோடு நின்ற நான் உன்னைக் கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். எந்த மூட்டை, என்ன எண், கறுப்பா மஞ்சளா. மஞ்சள் என்றால் துத்தநாகப் பூச்சு, சுட்டால் விஷப் புகை. வினிகரில் ஊறி, நுரை அடங்கி, பூச்சு போன பிறகுதான் நெருப்புக்குப் போகணும். அதை எனக்குச் சொன்னவனே நீதானே?

பிறகு ஏன் அப்படிச் செய்தாய்? வல்லக்கோட்டை முருகனுக்கு வேல் நேர்ந்துகொண்டாய், சரி. கிருத்திகைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. கறுப்பு போல்ட் தீர்ந்துவிட்டது. நீ மஞ்சளை எடுத்ததும் நான் வினிகர் கேனைத் தூக்கி வந்தேன்.

"அத்த அப்பால வைக்கா. கள்ளு நாத்தம் அடிக்குது. சாமிக்கு அடிக்கிற இரும்ப இதுல முக்குவாங்களா?"

"புகை வருமேடா."

"ஒரே ஒரு வேலு. முருகன் பாத்துப்பான். நீ போயி சோறு வையி."

நானும் போய்ச் சோறு வைத்தேன். அதுதான் என்னை அறுக்கிறது. வெள்ளைப் புகை எழுந்து, பஞ்சு பஞ்சாகப் பறந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சாயங்காலமே குளிர்காய்ச்சல். மறுநாள் மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "என்னத்தம்மா எரிச்சாரு?" என்று கேட்டபோது நோட்டைத்தான் நீட்டினேன். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். எல்லாம் தெரிந்துமா, என்கிற பார்வை. ஐந்தாம் நாள் நீ இல்லை.

செவ்வாய்க்கிழமை விரதம் ஒன்றுகூட விடாதவள் நான். என்னைவிடவா உனக்கு முருகனைத் தெரியும்? விஷத்தை மூக்கில் இழுத்துக்கொண்டு வேல் அடித்துத் தா என்று அவன் கேட்டானா?

இன்று காலை உன் மாமா உலையைப் பற்றவைத்தார். நீ இலை மாதிரி முனையை மட்டும் அடித்து வைத்த வேலுக்குத் தண்டு அடிக்கணுமாம். கையில் அதே மஞ்சள் போல்ட்.

"உன் தம்பி நேர்ந்துக்கினு பூட்டான். முடிக்கலன்னா தெய்வக் குத்தமாயிடும்டி."

"கீழ வைங்க."

"ஊற வெச்சா நாத்தம்னு அவனே சொன்னானே."

"சொன்னவன் எங்க இப்ப? கூப்புடுங்க, பாக்கலாம்."

எரிகிற கரியில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினேன். போல்ட்டை வாளியில் போட்டு வினிகரை நானே ஊற்றினேன். மாமா சாப்பிடாமல் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உட்காரட்டும். மூச்சு சீராக வருகிறதல்லவா?

வேல் முடியும், தம்பி. மாமாதான் அடிப்பார். பூச்சு முழுக்கப் போனதை என் கண்ணால் பார்த்த பிறகே அடிப்பார். இனி இந்த வீட்டில் எந்தச் சாமிக்காகவும் மஞ்சள் போல்ட் அப்படியே நெருப்புக்குப் போகாது. வல்லக்கோட்டைக்கு நானே கொண்டுபோய்ச் செலுத்துகிறேன். இதில் கள் நாற்றம் அடிக்கிறது என்று முருகன் முகம் சுளித்தால், அவனிடம் கேட்க எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது.

உன்னோடு கூடப் பிறந்த அக்கா,
செண்பகம்